மூடியில் நின்ற மணம்

அன்புள்ள அக்கா,

எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். மச்சானிடம் காட்டாதே.

பினாங்கிலிருந்து அப்பா திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டிருப்பாய். நான் தொட்டிலில் கிடந்தபோது போனவர், எனக்கு முகம் தெரியாது. அம்மைத் தழும்பைப் பார்த்து ஊரே அவர்தான் என்றது.

இன்று சாயங்காலம் சீனத் தேயிலை போட்டார். சுருண்ட இலைமேல் வெந்நீர் ஊற்றி, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டார். "கடைத்தூளாட்டம் முழுசாக் கறுக்க உடமாட்டாங்க, சாமி. ஓரம் மட்டும் செவக்க உட்டு நிறுத்திருவாங்க" என்றார். இரண்டாம் தண்ணீரில் இலை முழுதாக விரிந்தது. நடுவில் பச்சை, ஓரத்தில் சிவப்பு. கோப்பை மூடியை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார்.

"தாழம்பூ வாசம். அடுத்த தண்ணிக்கு மனோரஞ்சிதமா மாறும் பாரு."

அம்மை போட்டதிலிருந்து அப்பாவுக்கு வாசனையே தெரியாது, பால் கருகினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்று நீதானே சொல்வாய்?

மாட்டுக் கொட்டகையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாணி அள்ளுவதை நிறுத்தவில்லை. "வந்த அன்னிக்கே தெரியும் கண்ணு. நமக்குத் தெரியும்னு அந்தாளுக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

அப்படியானால் அப்பா பினாங்குக்குக் கொண்டுபோன டிரங்குப் பெட்டி இந்த ஆளிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். அம்மா சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விட்டாள்.

நாளைக் காலையில் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றுவாராம். சிரித்துக்கொண்டே குடிக்க வேண்டும் என்கிறாள் அம்மா. குடிப்பேன்.

காரணம் சொல்லாமல் மச்சானைக் கூட்டிக்கொண்டு ஜலகண்டாபுரத்திலிருந்து உடனே புறப்படு. வாசலில் அவரைப் பார்த்ததும், மறக்காமல் அப்பா என்று கூப்பிடு.

உன் வழி பார்த்திருக்கும்,
தங்கை