ரென்விக்குக்காக வைத்த இடம்

ஜனவரி 9, வியாழன்
மேளம் சரியாக விழவில்லை. நேற்று நன்றாகத்தானே இருந்தது! நானே நோண்டிக் கெடுத்துவிட்டேனா?

மெட்டு என்னுடையது, ஒன்றே ஒன்று. அதன்மேல் நான்கு பேர் ஆளுக்கொரு பாட்டுப் பாடினால்தான் அது ரிடிம். மூன்று பேர் பாடிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய தலை ரென்விக் மட்டும் "நாளைக்கு வர்றேன்" என்கிறான். அவன் பெயர் இல்லாவிட்டால் எந்த டீஜே சீண்டுவான்?

போன வருடமும் இவனுக்காகக் காத்திருந்து கார்னிவல் திருவிழா நெருக்கத்தில் வெளியிட்டேன். ஊர்வலத்தில் ஒரு பாட்டு வண்டியிலும் போடவில்லை. கார்னிவல் முடிந்த மறுநாள், சாம்பல் புதனோடு செத்துப்போனது. இந்த வருடமும் அப்படியென்றால் மெட்டுப் போடுவதையே விட்டுவிடுவேன். சத்தியமாக.

ஜனவரி 14
வரவில்லை. தங்கை ஏவியான் அவனுக்காகவே கோழி போட்டு பெலாவ் சோறு சமைத்திருந்தாள். "நீ வாசலைப் பாத்துக்கிட்டே உக்காரு, எனக்குப் பசிக்குது" என்று போய்விட்டாள்.

பாட்டு எப்படிப் போகும் என்று அவனுக்குக் காட்ட நானே பாடிப் பதிந்தேன். பாதிக்குமேல் வரி வரவில்லை. ஆத்திரத்தில் வாயில் வந்ததைக் கத்தினேன்: "ரென்விக், எங்கடா நீ? பெலாவ் ஆறிப்போச்சு, வாடா!" தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல். அவன் பாடும்வரை இடம் பிடிக்கட்டும் என்று அவன் பெயரிலேயே மற்ற மூன்றோடு சேர்த்துவைத்தேன்.

ஜனவரி 17
டீஜே கெர்வின் போன் செய்தான். "மார்செல், இன்னைக்கு ராத்திரி ஃபெட் பார்ட்டில போடணும். அனுப்புறியா, அடுத்த வருஷம் கேக்கட்டுமா?" மூன்று பாட்டே போதும் என்று எல்லா டீஜேக்களுக்கும் அனுப்பிவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை.

ஜனவரி 18
ஐயோ. நான்கும் போயிருக்கிறது! என் கத்தலும்!

"அழிச்சிடுடா" என்று கெர்வினிடம் கெஞ்சினேன். "அதையா? அதைத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாங்க. கூட்டமே ரென்விக்கைத் தேடுது" என்று சிரிக்கிறான். மானம் போச்சு.

பிப்ரவரி 3
மாக்ஸி வேனில் போகும்போது என் குரல். ஓட்டுநர் கூடவே கத்துகிறார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரென்விக் கூப்பிட்டான். "கடைக்கு டபுள்ஸ் வாங்கித் திங்கப் போனாக்கூட 'எங்கடா நீ'ங்கறாங்க. அதைத் தூக்கிடு மார்செல். நாளைக்கு வந்து ஒழுங்கா பாடித் தர்றேன்."

நாளைக்கு! இத்தனை நாள் இதற்குத்தானே தவம் கிடந்தேன்? "வேணாம், அது இருக்கட்டும்" என்றேன். என் வாயா சொன்னது?

பிப்ரவரி 4
நான் சரி என்றிருந்தால் இன்று அவன் வந்திருப்பானா? வந்திருக்க மாட்டான்.

மார்ச் 4, கார்னிவல் செவ்வாய்
தொண்டை போச்சு. ஊர்வலம் சவானா மைதானத்து மேடை ஏறும்போது, நான் நின்ற பாட்டு வண்டியில் என் பாட்டு. கெர்வின் மைக்கை என் கையில் திணித்தான். "எங்கடா நீ?" என்று கத்தினேன், ஊர்வலமே கத்தியது. கீழே இறகு வேஷமும் வியர்வையுமாக ஒருத்தன் இரண்டு கையையும் தூக்கினான். "இங்கதான் இருக்கேன்!"

ரென்விக். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 5, சாம்பல் புதன்
எங்கும் பாட்டுச் சத்தம் இல்லை. காலையில் கதவைத் தட்டினார்கள். நெற்றியில் சர்ச்சில் பூசிய சாம்பலோடு ரென்விக். "அடுத்த வருஷத்துக்குப் பாட வந்தேன்."

"இன்னும் மெட்டே போடலையே."

"பரவாயில்ல, உக்காந்திருக்கேன்."

இன்று நோன்பு, கறி ஆகாது. ஏவியான் மீன் வறுத்துப் போட்டாள். ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட்டான்.