சந்திரகலா டாக்டரிடம் என்ன சொன்னாள்?

12-8-1985, திங்கள்

ஊரே இன்று என்னைப் பற்றித்தான் பேசுகிறது. பேசட்டும். நடந்ததை நடந்தபடி நானும் எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு ஆளுக்கொரு கதை கட்டிவிடுவார்கள்.

நேற்று ஆடிக் கடைசி ஞாயிறு. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். விடியற்காலையிலிருந்தே கூம்பு ஸ்பீக்கர். என் வீட்டு எதிர்க் கம்பத்தில், அதன் வாயை என் ஜன்னலுக்கு நேராகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். வேண்டுமென்றே செய்தது என்றுதான் நினைக்கிறேன். காதில் பஞ்சு, அதற்கு மேல் துண்டு என்று மத்தியானம் வரை பொறுத்தேன். அப்புறம் முடியவில்லை. போய் டிரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்கிவிட்டேன். வீடு வீடாக மீட்டர் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாதா? தெரு முழுக்க கரண்ட் போய்விட்டது. பீஸ் கட்டையை மடியில் வைத்து, காதைப் பொத்திக்கொண்டு கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேனாம்.

பூக்கட்டும் ராணியம்மாள், "ஆத்தா எறங்கிட்டாடா, தள்ளி நில்லுங்க" என்று எனக்குக் கற்பூரம் காட்டினாள். மற்றவர்கள் பைத்தியம் என்றார்கள். கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறவனுக்கு இந்த ஊரில் இந்த இரண்டை விட்டால் வேறு பெயர் கிடையாது. மலையைச் சுற்றி எத்தனை சாமியார்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களிடம் யாராவது சர்டிபிகேட் கேட்டார்களா?

என்னிடம் கேட்டுவிட்டார்கள். இன்று காலை ஆபீசில் ஜே.இ. பலராமன் கூப்பிட்டார். "நீ ரீடிங் எடுத்தா ஒரு தப்பு இருக்காது அருணகிரி. பிரச்சினை அதில்ல. தெருவே சேர்ந்து புகார் குடுத்திருக்கு. மனநல டாக்டர் யார்கிட்டயாவது போய், வேலைக்கு லாயக்குனு எழுதி வாங்கிட்டு வா. இல்லாட்டி என்னால காப்பாத்த முடியாது."

காப்பாற்றுகிறாராம். அவர் மச்சினன் எம்ப்ளாய்மெண்டில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாதா?

13-8-85

வேலூரில், லண்டன் போய்ப் படித்த டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். சந்திரகலாவிடம் சொன்னேன். "போலாங்க, நானும் வரேன்" என்றாள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. என் புருஷனைப் பார்த்து எப்படிடா அந்த வார்த்தை சொல்லலாம் என்று தெருவில் இறங்கிச் சண்டை போட்டிருக்க வேண்டாமா? ரொம்ப நாள் காத்திருந்தவள் மாதிரி "போலாங்க" என்கிறாள். ஏன்?

18-8-85, ஞாயிறு

தருமன் வந்தான். சந்திரகலாவின் அண்ணன். அடி அண்ணாமலையில் தேங்காய், கற்பூரக் கடை. அண்ணனும் தங்கையும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசினார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனதும் பேச்சு நின்றுவிட்டது.

"இன்னா பேசறீங்க?" என்றேன்.

"ஒன்னுமில்ல மாப்ளே, சும்மா ஊர்க்கதை" என்றான்.

ஊர்க்கதையில் வக்கீலுக்கு என்ன வேலை? வக்கீல் என்று அவன் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. கீழ்பென்னாத்தூரில் ஒருவன் பெண்டாட்டிக்குப் புத்தி சரியில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, கோர்ட்டில் காட்டி விவாகரத்து வாங்கிய கதையைச் சொன்னதே இந்தத் தருமன்தான். பெண்டாட்டிக்கு ஒரு சட்டம், புருஷனுக்கு வேறு சட்டமா?

கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தையில்லை. வேலையும் போய், பைத்தியம் என்று ஒரு காகிதமும் கையில் வந்துவிட்டால் அவளுக்கு வழி சுலபம். இப்போது எல்லாம் புரிகிறது. புரியாமலே இருந்திருக்கலாம்.

27-8-85

வேலூர் போய் வந்தோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். நாற்காலியை என் எதிரில் போடாமல் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார். இது என்ன தந்திரமோ.

கேள்வி மேல் கேள்வி. சட்டைக் காலர் உறுத்துமா? பள்ளிக்கூடத்தில் சேக்காளி உண்டா? யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று உடனே பிடிபடுமா? காதுக்கும் காலருக்கும் என்ன சம்பந்தம்? நான் யோசித்து யோசித்து, மாட்டிக்கொள்ளாதபடி பதில் சொன்னேன். ஒரு படத்தைக் காட்டினார். கதவோரம் ஒரு பெண் நிற்கிறாள். "இவங்க மனசுல என்ன ஓடுது?" என்றார்.

"எனக்கெப்படி சார் தெரியும்? அவங்களைத்தான் கேக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். மாட்டிவிட்டேனோ?

பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டார். வெகுநேரம் கதவு திறக்கவே இல்லை. என்ன இருக்கிறது அவ்வளவு நேரம் சொல்ல? வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் கேட்டேன், டாக்டர்கிட்ட இன்னா சொன்னே என்று.

"இன்னா கேட்டாரோ அதுக்குச் சொன்னேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போளூர் வந்ததும் தூங்கிவிட்டாள். அல்லது தூங்குவது போல் இருந்தாள்.

8-9-85

சாப்பிடும்போது என்னையே பார்க்கிறாள். நான் எப்படிப் பிசைகிறேன், எதை ஒதுக்குகிறேன் என்று. டாக்டரிடம் போய் ஒப்பிக்கவா?

11-9-85

மறுபடியும் வேலூர். சின்ன வயதில் என்னைப் பார்த்தவர்கள் யாராவது வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பாஞ்சாலை அக்காவை அழைத்துப் போனோம். அக்காவுக்கு வாய் ஓயவில்லை.

"மோட்டார் கொட்டாயிலயே கெடப்பான் சார். சோத்துக்குக் கூப்ட்டாலும் வரமாட்டான். போட்டா ஒரே சட்டைதான். அது துவைச்சுக் காயற வரைக்கும் வெறும் உடம்போட நிப்பான். நாங்க கொஞ்சினா தள்ளிவிட்டுட்டு ஓடுவான்." சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மோட்டார் ஒரே மாதிரி ஓடும், திடீரென்று கத்தாது, அதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் அதையும் எழுதிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். சந்திரகலா சிரிக்காமல் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

12-9-85

அவளைக் கேட்டுவிடலாமா? கேட்டு, ஆமாம் என்றால் நான் என்ன செய்வேன்? தனியாக இருந்து பழக்கமில்லாமல் போய்விட்டதே.

25-9-85

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். "இது பைத்தியமில்ல அருணகிரி. நோயும் இல்ல. நீங்க பொறந்ததே இப்படித்தான். குழந்தைங்ககிட்ட இதைப் பார்த்தா ஆட்டிசம்னு சொல்லுவோம். உங்களை மாதிரி வேலைக்குப் போய் குடும்பம் நடத்துற பெரியவங்களைப் பத்தி வெளிநாட்டுலயே இப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க."

மாத்திரை என்ன என்று கேட்டேன். கிடையாது என்றார். மருந்து கொடுக்காத டாக்டரை நான் பார்த்ததே இல்லை. இது என்ன வைத்தியம்? வேலைக்கு லாயக்கு என்று எழுதி, ஸ்பீக்கர் கட்டும் திருவிழா நாளில் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்து என் கையில் கொடுத்தார். இரண்டு தடவை படித்தேன். எங்கேயும் சூது இல்லை.

அப்புறம் சந்திரகலா பக்கம் திரும்பி, "அன்னைக்கு என்னைக் கேட்டீங்களேம்மா, அதை இவரையே கேட்டுடுங்க" என்றார்.

வந்துவிட்டது, வக்கீல் விஷயம் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

அவள் தரையைப் பார்த்தபடியே பேசினாள். "ஒம்போது வருசமா இவரு என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல சார். நான் பேசினா சுவத்தைப் பார்ப்பாரு. மனசுல வேற யாரோ இருக்காங்கனு மொதல்ல நெனச்சேன். யாரும் இல்லனு தெரிஞ்சப்புறம், என்னைத்தான் புடிக்கலனு நெனச்சேன். சீக்குனாகூடப் பரவால்ல, இன்னானு தெரிஞ்சா போதும்னுதான் கூட வந்தேன்." அப்புறம் என்னிடம், "என்னைப் புடிக்கலீங்களா?" என்றாள்.

சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மூஞ்சியைப் பார்த்தா நீ பேசறது காதுல ஏறாது. கண்ணு, வாயி எல்லாம் அசையுது, அதையே பார்த்துக்கினு இருந்துடுவேன். சுவத்தைப் பார்த்தாதான் கேக்குது. நீ சொல்றது எனக்குக் கேக்கணும். அதான்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அழறியா என்று கேட்டேன். "தெரிலங்க" என்றாள்.

"மனசுல இருக்கறதை நேராச் சொல்லிடுங்கம்மா, அவரா கண்டுபிடிப்பார்னு விடாதீங்க" என்றார் டாக்டர்.

இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தேன். அவளும் இத்தனை வருஷம் என்னை வேவு பார்த்திருக்கிறாள், பாவம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. எதற்குக் கேட்கவில்லை? நானும்தான் கேட்கவில்லை.

26-9-85

ஜே.இ. காகிதத்தைப் படித்துவிட்டு, "ஆடி மாசம் உனக்கு வேற லைன் போட்டுடறேன், போ" என்றார். மச்சினனைப் பற்றி மெதுவாக விசாரித்தேன். அவன் ஜூனிலேயே மெட்ராசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். சரி.

13-10-85

தருமன் வந்தான். மறுபடியும் அடுப்படியில் குசுகுசு. நான் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. தாகம் எடுக்கத்தான் செய்தது.

1-12-85, ஞாயிறு

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரைவிட்டுப் போய்விட்டது. தெரு அடங்கிக் கிடக்கிறது. சாயங்காலம் பின்கட்டில் கிணற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சந்திரகலா கை துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரில் இல்லை, பக்கத்தில். அவளும் கிணற்றைப் பார்த்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான் பேசுகிறோம்.

"உங்ககிட்ட ஒன்னு நேரா சொல்லணும்" என்றாள். "அன்னைக்கு அடுப்படியில அண்ணன்கிட்ட வக்கீலைப் பத்திக் கேட்டது நான்தான். பிரிஞ்சி போயிடலாமானு இருந்தது. வேலூர்ல நீங்க அந்தப் பதில் சொல்ற வரைக்கும் இருந்தது."

ஆக, என் சந்தேகம் சரி. இத்தனை நாள் சந்தேகப்பட்டதில் இது ஒன்றுதான் சரியாக இருந்திருக்கிறது. சந்தோஷப்பட முடியவில்லை.

"இப்போ?" என்றேன்.

"இப்போ உளுந்து ஊறப் போட்டிருக்கேன். காலையில ஆட்டணும்."

எனக்குப் பிடிபடவில்லை. "நான் கேட்டதுக்கும் உளுந்துக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்புதான், எனக்கே தெரிந்தது.

"போகலனு அர்த்தங்க" என்றாள்.