மூன்று வரித் தையல்

அத்தை,

இன்று காலை பெட்டியைத் திறந்து உன் நீல ரவிக்கையை எடுத்தேன். நாளைக்கு மாதா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போக என்னிடம் வேறு நல்லது இல்லை. மடிப்புக்குள் இன்னும் மல்லாட்டைத் தூசி வாசனை, வறுக்காத வேர்க்கடலையின் வாசனை, இருக்கிறது. பக்கவாட்டில் நான் பிடித்த தையல் மூன்று வரி. போட்டுப் பார்த்தால் நெஞ்சை இறுக்கியது. ஊக்கால் பிரிக்க உட்கார்ந்தேன். ஒரு வரி பிரிப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் நீ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னைத் திண்டிவனம் மண்டிக்கு அழைத்துப்போய், உன் பக்கத்தில் மல்லாட்டை உடைக்க உட்காரவைத்தாய். யாராவது பெயர் கேட்டால்கூட உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். என் பதிலையும் நீயே சொல்லிவிடுவாய்.

காலில் ஆறாத புண்ணோடு போனபோது, உனக்குச் சர்க்கரை வியாதி என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடம்பைக் குறைக்காவிட்டால் கால் புண் ஆறாது, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அன்றோடு சோற்றை விட்டாய். காலையில் கேப்பைக் கூழ், ராத்திரி அரை உருண்டை களி. பாகற்காய்ச் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய். தினமும் விடிகிற நேரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் கேட் வரை நடந்தாய். மாதம் ஒரு முறை, மூட்டைகளை நிறுத்து முடித்த பிறகு, எடைக்காரர் உன்னைத் தராசுப் பலகையில் உட்காரவைப்பார். ஏழு மணங்கு, ஒரு பருப்பு மூட்டை கனம். அடுத்த மாதமும் ஏழு மணங்கு. யுத்த காலம் அது. அரிசி கிடைக்காமல் ஊரே இளைத்துக்கொண்டிருந்தது.

“ரேஷன் வந்து ஊரே குச்சியாப் போச்சி. உனக்கு மட்டும் எங்கேருந்து வருது?” என்பார் எடைக்காரர்.

“காத்தைக் குடிச்சிக்கினு வளர்றேன், போய்யா” என்பாய். கூட இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் களிச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். “இன்னும் எதைடி விடறது?” என்று ஒருநாள் கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மண்டியில் வாயில் போடுவதை யாரும் கேட்கமாட்டார்கள். மடியில் கட்டினால்தான் குற்றம். பத்து உடைத்தால் ஒன்று வாய்க்குப் போகும். உடைக்கிற எல்லாருக்கும் அது பழக்கம். அதைச் சாப்பாடு என்று ஒருத்தியும் நினைப்பதில்லை. என்னென்ன சாப்பிடுகிறாய் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது கூழையும் களியையும் சொன்னாய். மல்லாட்டை உன் நினைவுக்கே வரவில்லை.

அதை எட்டு மாதம் கழித்துத்தான் உன்னிடம் சொன்னேன். அதுவும் நடந்துகொண்டே, உன் முகத்தைப் பார்க்காமல். நீ நின்றுவிட்டாய். கோபம் என்று நினைத்தேன்.

“அட, ஆமாண்டி. அதுவும் திங்கிறதுதானே” என்று சிரித்தாய். அதற்குப் பிறகு ஒரு பருப்பைக்கூட நீ வாயில் போடவில்லை.

இளைக்கத் தொடங்கினாய். ஆறரை மணங்கு, பிறகு ஆறு. எடைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் ரவிக்கையில் முதல் வரி பிடித்தேன், மறு மாதமே இரண்டாவது. ஒரு குடம் தண்ணீரை ஒருத்தியாகக் குடித்தாய். ஓயாமல் ஒன்றுக்குக் கொல்லைப்பக்கம் எழுந்து போனாய். கொழுப்பு கரைந்து போகிறது என்றாய், நானும் நம்பினேன். ரயில் கேட் வரை நடக்க முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்தாய். பசி அசதி என்றோம். புண் மட்டும் ஆறவில்லை. மூன்றாவது வரி பிடித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு உன்னை ரயிலில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனோம். எத்தனை நாளாக இளைக்கிறார்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். வழக்கம்போல நீதான் பதில் சொன்னாய்.

“நாலு மாசமாங்க, ஐயா. எல்லாம் எம்பொண்ணு சொன்ன வைத்தியம். இவதான் என்னை எளைக்கவெச்சா.”

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அந்த இளைப்பு வியாதி முற்றியதால் வந்ததாம். தாகம் எடுத்தபோதே கூட்டி வந்திருக்க வேண்டுமாம். உள்ளே வந்ததும், “என்னடி சொன்னாரு?” என்று கேட்டாய்.

“நல்லா எளைச்சிக்கினு வர்றியாம்” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

இரண்டு வருஷமாக இதைச் சுமந்து களைத்துவிட்டேன், அத்தை. மண்டிக்குத்தான் இன்னும் போகிறேன். போன வாரம் ஒருத்தி இளைத்துவிட்டாள் என்று எல்லாரும் மெச்சினார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா என்று அவளைக் கேட்டேன். உடைக்கிற சத்தம் நின்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒரு வரி பிரித்தாலே எனக்குப் போதும். ஆனாலும் மூன்றையும் பிரித்துவிட்டேன். தோளில் நிற்காமல் சரிகிறது. நாளைக்கு அப்படியே போட்டுக்கொண்டு போகிறேன்.