மாலைதீவுத் தூண்டில் காசு

இன்று மத்தியானம் சம்பலுக்கு மாலைதீவு மாசிக் கருவாடு இடிக்கப் பொட்டலத்தைப் பிரித்தேன். மாசித் துண்டுகளோடு சின்னச் செப்புக் காசு ஒன்றும் விழுந்தது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் சோற்றை விட்டு எழுந்து வந்திருப்பீர்கள். நான் அதை ஜன்னல் படியில் வைத்துவிட்டு இடித்து முடித்தேன்.

கண்டிச் சந்தையில் மாசி விற்ற எல்லோருக்கும் மூட்டைக்குள் இப்படிக் காசு கிடைத்துத்தான் இருக்கும். செல்லாதது என்று எறிந்திருப்பார்கள். நீங்கள் மட்டும் பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்தீர்கள். சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனால், மாலைதீவிலிருந்து ஓடி என்கிற பாய்க்கப்பலில் வந்து இறங்கியவர்களிடம் கெஞ்சி இன்னும் நாலைந்து வாங்கி வருவீர்கள்.

"வெள்ளக்காரன்ட கொடிக்குக் கீழதான் இக்கிறாங்க. ஆனா சுல்தானும் அவங்கட, காசும் அவங்கட. எத்துணூண்டு தீவு, பாரு புள்ள" என்பீர்கள். நீங்களே ஆண்ட மாதிரிப் பெருமை.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. குர்ஆன் ஓதப் படித்ததோடு சரி. தமிழ் எழுத்து, கடைப் பொட்டலக் காகிதங்களைக் கூட்டிக் கூட்டிப் பழகியது. காசிலிருக்கும் அரபெழுத்தை வாசிக்க உங்களுக்குப் பொறுமையில்லை. என்னிடம் நீட்டுவீர்கள்.

"அஸ்ஸுல்தான் எண்டு இக்கி."

"அது எல்லாத்திலயும் இக்கி. பேரச் செல்லு."

பேர் தேய்ந்திருக்கும். புளி போட்டு விளக்கட்டுமா என்றால் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். "வாணாம் புள்ள. இக்கிற எழுத்தும் பெய்த்திடும்."

எனக்கு மணக்கொடை மஹராக நீங்கள் தந்ததும் அந்தத் தீவுக் காசுதான். வெள்ளிக் கம்பியைத் தூண்டில் போல மடித்து, தட்டையாக அடித்து, எழுத்துக் குத்திய பழங்காலத்துக் காசு. நிக்காஹ் சபையில் லெப்பை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். உங்கள் நானா சும்மா இருப்பாரா? "தூண்டிலப் போட்டு எங்கட தம்பி மீன் புடிச்சிட்டான்!" என்று கத்தினார். பெண்கள் இருந்த அறை வரைக்கும் கேட்டது. உம்மா அழுதா. எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு ஒருநாள், "அதுட ஊர்க்காரங்களோட இக்கட்டுமே" என்று கேட்டீர்கள். நானே அதை எடுத்துத் தகரத்தில் போட்டேன்.

நீங்கள் மௌத்தாகி, நான் நாலு மாதம் பத்து நாள் திரைக்குள் இத்தாவில் இருந்தபோது உங்கள் நானா வந்தார். நமக்குப் பிள்ளையில்லை, நீங்கள் விட்டுப்போனதில் அவருக்கும் பங்குண்டு. அதில் எனக்குக் குறையில்லை. திரைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்து தகரத்தைக் கவிழ்த்தார். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

"தங்கச்சி, வத்தேகமத் தோட்டத்துத் துரை இந்தக் காச முழுசா எடுக்கிறாராம். வித்துப் பங்கு வெப்பம்."

"வில்லுங்க மச்சான். தூண்டில் காச மட்டும் இங்கால தாங்க. அது என்ட மஹர். பங்குக்கு வராது."

"தகரத்துக்குள்ளதானே கெடந்திச்சி. மஹர்க் காசு இதுதான் எண்டு ஆரு கண்ட? துரை கேக்கிறதே இதத்தான்."

சபையில் கண்ட லெப்பை எப்போதோ மௌத்தாகிவிட்டார். என் வாப்பாவும் இல்லை. வீடு வாடகை வீடு, கடையும் பங்குக்குப் போகிறது. இதையும் விட்டால், எனக்கென்று நீங்கள் தந்தது ஒன்றும் மிஞ்சாது.

"மச்சான், ஒங்கட தம்பி மீன் புடிச்சது எதால?" என்று கேட்டேன்.

 கதிரை கிறீச்சிட்டது. திரைக்குக் கீழால் தூண்டில் காசு என் பக்கம் நகர்ந்து வந்தது. அதைத் தள்ளிய விரலும் கொஞ்சம் தெரிந்தது.

"மீனுக்கு வாயும் இக்கி" என்றார். அவருக்கும் நீங்கள் தம்பிதானே.

மற்றதையெல்லாம் துரை விலையைக் குறைத்து எடுத்துப் போனார். என் பங்கு அரிசிக்கும் விறகுக்கும் முடிந்தது. தூண்டில் காசு முந்தானை முடிச்சில் இருக்கிறது. எந்தக் கடையிலும் அதை வாங்கமாட்டார்கள். அதனால் அது செலவாகவில்லை.

அந்திக்கு ஜன்னல் படியிலிருந்த காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அஸ்ஸுல்தான் என்று இருக்கிறது. பேர் தெரியவில்லை. நான் விளக்கவில்லை. மாசி வாசத்தோடேயே அதையும் அந்த முடிச்சில் வைத்துக் கட்டிக்கொண்டேன்.