ஒரு புள்ளி அளவு விண்டோ

ஜூன் 9, திங்கள்

இன்று கம்ப்யூட்டர் வகுப்பில் விண்டோ செய்தோம். திறக்கும்போது எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வீட்டிலும் ஒன்று செய்தேன். நடுவில் 'வணக்கம்'. மூடும்போது இருந்த அளவை ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதே அளவில் திறக்கும். அதை யாரும் சொல்லித்தரவில்லை, நானே சேர்த்தேன்.

அம்மாவின் தம்பி உதயகுமார் மாமா எங்களோடுதான் இருக்கிறார். விஜயநகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. "பரவால்லியே கண்ணு! கண்ணுக்கே தெரியாத மாதிரி சின்னதா திறக்க வெப்பியா? கடைக்கு வேணும்" என்றார். அகலம் ஒன்று, உயரம் ஒன்று. மேல்பட்டையையும் எடுத்தேன். வெறும் புள்ளி. மசாலா பூரி வாங்கித் தந்தார். "யார்கிட்டயும் சொல்லாதே, ஆய்தா? சரியா?"

ஜூன் 14

என் அக்கா வைஷாலியின் லேப்டாப்பில் என் விண்டோ இருக்கிறது. ஆன் செய்தால் தானாக ஓடுகிறது. உள்ளே மாமா நிறைய வரிகள் சேர்த்திருக்கிறார் — அக்கா தட்டுவதெல்லாம் 'வணக்கம்' கீழே பதிந்து அவருக்குப் போகிறது. திரையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், என் புள்ளி.

ஜூன் 15

அக்கா, வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கும் யுவன் அண்ணாவுக்கு ஏதோ தட்டித் தட்டிச் சிரித்தாள். நான் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16

அக்கா வேலையிலிருந்து வருமுன் மாமா சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு, அக்கா. சாமராஜநகர் பஸ் நிக்கற இடத்துல ஒருத்தன் காலை ஒடைக்கணும்." அம்மா சிரித்தாள்: "சும்னே, பேசாம சாப்பிடுடா."

அந்த பஸ்ஸில்தான் அக்கா யுவன் அண்ணாவோடு போகப்போகிறாள். திரும்பி வரமாட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

அக்காகிட்ட சொல்லிடட்டுமா? என்னன்னு சொல்றது — நான்தான் எழுதிக்குடுத்தேன்னா? அவ வந்ததும் பக்கத்துல போய் நின்னேன். தண்ணி வேணுமான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

ஜூன் 17

அக்கா குளிக்கப் போனதும் அளவைப் பெரிதாக மாற்றினேன். ஆயிரத்து இருநூறு, எழுநூறு. ஆஃப் செய்து ஆன் செய்தேன். அப்போதும் புள்ளிதான்! மாமா கண்டுபிடித்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

பிறகுதான் புரிந்தது. நாம் வைக்கும் அளவு முதல் முறை திறப்பதற்கு மட்டும். அதற்குமேல், மூடும்போது இருந்த அளவை வைத்திருக்கும் அந்த ஃபைல் சொல்வதுதான். நானே பெருமையாகச் சேர்த்தது. அதை அழித்துவிட்டேன்.

ஜூன் 18

காலையில் அக்கா லேப்டாப்பை ஆன் செய்தாள். திரை முழுக்க வெள்ளை. நடுவில் 'வணக்கம்'. 'என்ன இது' என்று தட்டினாள்; வணக்கத்துக்குக் கீழேயும் 'என்ன இது' என்று வந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று ரிப்பன் கட்டிவிட்டாள். ரொம்ப இறுக்கமாக.

ஜூன் 20

மாமா இருட்டும்வரை பஸ் ஸ்டாண்டில் நின்றாராம். அக்கா நேற்றே போய்விட்டாள், வேறு எங்கோ. எங்கே என்று என்னிடமும் சொல்லவில்லை. நல்லதுதான்.

ஜூன் 22

அக்காவின் லேப்டாப்பை மாமா என் மேஜையில் வைத்தார். "இனிமே உனக்குத்தான் கண்ணு. உன் விண்டோவை யாரோ பெருசாக்கிட்டாங்க. நான் சரி பண்ணிட்டேன்."

சிரித்துக்கொண்டே நின்றார். திறந்தேன்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் தூசி. துப்பட்டா நுனியால் துடைத்தேன். போகவில்லை.