சரோ இல்லாத பௌர்ணமி

ஆவணி, சனி
புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. மோட்டார் ரிப்பேர். மனைவி சரோ போய் மூன்று வாரம். இன்னும் அழவில்லை. பெங்களூரிலிருந்து மகள் போன்: "சாப்டியாப்பா?" சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டேனா, ஞாபகம் இல்லை.

எதிர்வீட்டு வள்ளியம்மா கேட்டுக்கு வந்து சொன்னார்: "பௌர்ணமி வருது. வருஷம் திரும்பற வரைக்கும் மலை சுத்தாதீங்க. மலையே சாமிதானே." தலையாட்டினேன். கல்யாணமானதிலிருந்து சரோவும் நானும் விட்டதில்லை. வருத்தமாக இருக்க வேண்டும். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் போல மரத்துக் கிடக்கிறது.

ஞாயிறு
வாங்க: பால், கொசுவர்த்தி, மாடி ரூமுக்கு பல்பு.
பல்பு மாட்டப் போனேன். மாடியில் குடியிருக்கும் தெரேசா போர்ச்சுகல்காரி. ஆறேழு வருஷமாக இங்கே, தமிழ் ஓரளவு வரும். சரோ பெயருக்குப் பூசை வைக்கச் சொல்லி அவள் ஊர் 'பரோக்கியா'வுக்கு எழுதினாளாம். அப்படியென்றால்?
"ஒரு சர்ச், அதைச் சுத்தி இருக்கற ஜனங்க. ஸ்பெயின்லயும் இதே வார்த்தைதான். பழைய கிரேக்கத்துலேர்ந்து வந்தது. வெளியூர்க்காரங்க பக்கத்துல வந்து தங்கறதுன்னு அர்த்தம்."
"வாடகைக்கு இருக்கற மாதிரியா?"
"ஆமா அண்ணா. பூமியில எல்லாரும் கொஞ்ச நாள்தான்னு அந்தக் கால கிறிஸ்தவங்க நெனச்சாங்க."
நம் கேட்டைத் திறந்தாலே கிரிவலப் பாதை. சுற்ற வழியில்லாமல் நானும் பக்கத்தில் தங்கி இருக்கிறேன். பல்பு எரிகிறது.

செவ்வாய், பௌர்ணமி
கூட்டம் ஜாஸ்தி. சாயங்காலம் பால் தீர்ந்துவிட்டது. கூட்டத்தோடு நடந்து கடைக்குப் போனேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார்.
"சுத்தக் கெளம்பிட்டீங்களா சார்?"
குனிந்து பார்த்தேன். செருப்பில்லை. பௌர்ணமி என்றால் செருப்பைக் கேட்டுக்குள்ளேயே விட்டு இறங்கும் பழக்கம். வலது பக்கம் சரோவுக்கு இடம் விட்டுத்தான் நடந்து வந்திருக்கிறேன்.

வீடு திரும்பக் கூட்டத்துக்கு எதிரே நடக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கேட்டருகே தெரேசா. பௌர்ணமி தவறாமல் சுற்றுகிறவள்.
"போகலையாம்மா?"
"நீங்க தனியா இருக்கீங்க. இந்த வருஷம் நான் உங்க பக்கத்துல இருக்கேன்."
பால் பாக்கெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு அழுதேன். கேட்டைச் சாத்தத் தோன்றவில்லை. ஜனம் பார்த்துக்கொண்டே போனது.