பதினாறாக ஏற்றினேன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. விவாகரத்து முடிந்து நீங்கள் ஊர் மாறிப் போன பிறகு, உங்கள் எக்ஸ்ரே அறையின் கதைகளைக் கடிதத்தில் படிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. இன்று என் கதையைக் கேளுங்கள். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நேற்று கையில் இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு தோற்றேன்.

டயர்க் கடை மாடியில் அதே கிளப், அதே ஞாயிற்றுக்கிழமை போக்கர் மேசை. உள்ளே வர இரண்டு சில்லு. எனக்கு முன்னால் மூன்று பேர் வந்துவிட்டார்கள். அதிகமாக ஏற்றினால் எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்களே என்று ஆறாக மட்டும் ஏற்றினேன். ஒருவர்கூட ஓடவில்லை. மருந்துக்கடைக்காரர், "ஆறுதானே, பாத்துருவோம்" என்று போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்பது, ஆறு, ராணி விழுந்தன. இத்தனை பேரைப் பார்த்து எனக்குக் கை ஓடவில்லை, சில்லு எதுவும் போடாமல் சும்மா மேசையைத் தட்டிவிட்டேன். கடைசியில் மருந்துக்கடைக்காரர் ஒன்பதும் ஆறும் காட்டி, இரண்டு ஜோடி என்று அள்ளிக்கொண்டார்.

"இதை வச்சுக்கிட்டு யாராவது வருவாங்களா?" என்று கேட்டேன்.

"நீதானேம்மா கூப்பிட்டே" என்றார்.

காலையில் லேபில் பல் செட்டைத் தேய்க்கும்போதெல்லாம் அவருடைய சிரிப்புதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் நாத்தனார்,
வாண்டு


மார்ச் 12

என் அருமை வாண்டுவுக்கு,

மருந்துக்கடைக்காரர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நீதான் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாகக் கூப்பிட்டிருக்கிறாய்.

அந்த மேசைக்கு வருகிறவர்கள் வாரம் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்கள். சீட்டைத் தூக்கிப் போடுவதற்கா வருகிறார்கள்? ஆறு என்றால் பத்து வேர்க்கடலை மாதிரி, கொறிக்கத்தான் செய்வார்கள். நல்ல கை வந்தால் பத்தில் ஆரம்பி. உனக்கு முன்னால் உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு கூட்டு. மூன்று பேர் என்றால் பதினாறு. ஒருவரோ இருவரோ கூட வந்தால் போதும். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டால் ஏஸ் ஜோடிக்கும் மூச்சு வாங்கும்.

சீட்டு விரித்த பிறகும் தட்டிக்கொண்டு உட்காராதே. நடுவில் இருப்பதில் பாதிக்கு மேலேயே போடு. நல்ல கையை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அவரவர் தங்கள் சீட்டைத்தான் பார்ப்பார்கள், உன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஆனால் கடைசிவரை பேசாமல் போட்டுக்கொண்டு வந்த சாது ஒருவர் திடீரென்று பெரிதாக ஏற்றினால், ஏஸானாலும் கீழே வைத்துவிடு.

இங்கேயும் ஒரு கிளப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். போன வாரம் கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல் பெரிதாக ஏற்றி ஆம்புலன்ஸ் டிரைவரை மிரட்டிப் பார்த்தேன். "என்ன இருக்குன்னு பாக்கலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும் மேடம்" என்று போட்டுவிட்டார். ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கு நன்றாக வேண்டும்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

பதினாறாக ஏற்றினேன்.

எனக்கு இரண்டு ராஜா. முன்னால் மூன்று பேர். சில்லுகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு வைத்தேன். "ஏம்மா, வீட்ல ஏதும் சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே மருந்துக்கடைக்காரர் சீட்டைப் போட்டார். அவர் போட்டதைக் கண்ணாலே பார்த்தேன், அண்ணி. அந்த மூன்று பேரில் ஒருவர் மட்டும் கூட வந்தார். மூலை நாற்காலியில் ஒரு பெண், மேசைக்குப் புதிது.

ராணி, ஏழு, மூன்று. நடுவில் நாற்பதுக்குக் கிட்ட இருந்தது. இருபத்தைந்து போட்டேன், வந்தார். அடுத்தது நாலு. அறுபது போட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தார். கடைசிச் சீட்டு இரண்டு. என்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் தள்ளினேன். அவர் தன் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் அத்தனை சில்லையும் போட்டு ஒரு ராணியைக் காட்டினார். நான் ராஜாக்களைத் திருப்பி வைத்தேன். அவர் ஒரு துளிகூட முகம் சுளிக்கவில்லை. "பிரமாதமா ஆடறே, வாண்டு" என்று எழுந்து வந்து கை கொடுத்தார்.

லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உங்கள் நாத்தனார்,
வாண்டு


ஏப்ரல் 2

வாண்டுவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த அறுபது அபாரம். நானாக இருந்தால் ஐம்பதோடு நிறுத்தியிருப்பேன்.

ஆனால் ஒன்று. பெயின்ட் கடையைத் திறக்க மறந்தாலும் உன் அண்ணன் அந்த மேசைக்கு வர மறந்ததில்லை. இத்தனை எழுதியவள் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மேசைக்குப் புதிதாக வந்த பெண் உன்னை வாண்டு என்கிறாள். வீட்டு மனிதர்களைத் தவிர வேறு யாரும் உன்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர்கள் கல்யாணம் எப்போது?

எனக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். துணி மடித்துக்கொண்டிருந்தபோது கொஞ்சம் அழுதேன். பிறகு மிச்சத் துணியையும் மடித்து வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நாங்கள் பிரிந்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு ராணியை நம்பி அத்தனையையும் கொடுத்துவிட்டு எழுந்து வந்து கை கொடுக்கிறாள் என்றால், நல்ல மனசுக்காரியாகத்தான் இருப்பாள்.

அவளை அண்ணி என்று கூப்பிடப் பழகிக்கொள். எனக்கு எழுதுவது வீட்டில் சங்கடம் என்றால் நிறுத்திவிடு. உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தின் அடியில் ஏன் அண்ணி என்று போடவில்லை? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் நினைத்தது சரி. அடுத்த மாதம் பதிவுத் திருமணம். அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அண்ணன் அவரோடு இருக்கும்போது சத்தம் போட்டுச் சிரிக்கிறார், அதை நான் மறைக்கப் போவதில்லை. "இனிமே அவளுக்கு எழுதாதே, புதுசா வர்றவ என்ன நினைப்பா?" என்று அம்மாதான் சொன்னார். அதற்குச் சரி என்றும் சொல்லாமல், முடியாது என்றும் சொல்லாமல், உங்களுக்கு அரையும் குறையுமாக எழுதினேன்.

நேற்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண்ணும் வந்திருந்தார். உங்கள் கடிதம் வந்திருக்கிறது என்று நானே சொன்னேன். அம்மா என்னை முறைத்தார்.

"அண்ணனுக்குப் பொண்டாட்டி மாறலாம்மா. எனக்கு அண்ணி மாறணும்னு யாரும் கேக்க முடியாது. இவங்களும் அண்ணிதான், அவங்களும் அண்ணிதான்" என்றேன்.

அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் சமையலறைப் பக்கம் திரும்பி, "எழுதட்டுமே அத்தை. அதுல எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவார்.

வரலாமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். எதற்குக் கேட்க வேண்டும்? அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். லேபில் இரண்டு நாள் லீவும் சொல்லியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், அண்ணி. எனக்கு உங்கள் வீட்டுக்கு வழி தெரியாது.

வாண்டு